ஓடக்காரியின் நாக்கு

அவளுக்குக் கட்டைக் குரல். சின்ன வயதிலேயே அப்படித்தான். வீட்டில் போன் அடித்து அவள் எடுத்தால், "சார், வீட்ல லேடீஸ் யாராவது இருக்காங்களா?" என்று கேட்பார்கள். பள்ளியில் சேர்ந்து பாடும் குழுவில் வரிசை நிரம்ப வேண்டும் என்பதற்காக அவளை நிறுத்திய பாட்டு டீச்சர், வாயை மட்டும் அசைத்தால் போதும் என்று காதோடு காதாகச் சொல்லி வைத்தார். படிப்பு முடிந்ததும் ஒரு டாக்ஸி கம்பெனியில் போன் எடுக்கும் வேலை கிடைத்தது. வண்டி கிளம்பிவிட்டது, இதோ வந்துவிடும் என்று அவள் சொன்னால், யாரும் மறுபடி கூப்பிட்டுச் சத்தம் போட மாட்டார்கள். அந்தக் குரலை நம்பிவிடுவார்கள். அப்படி நம்பித் தெருமுனையில் நின்றவர்களில் ஒருவர் டப்பிங் ஸ்டூடியோ வைத்திருந்தார். அவருக்கு வண்டி நேரத்துக்கு வந்ததோ இல்லையோ, அவளுக்கு வேறு வேலை வந்து சேர்ந்தது.

ஆனால் அந்த வேலையிலும் பல வருடம் அவள் கூட்டத்தில் ஒருத்திதான். வெளிநாட்டுப் படங்களில் தீப்பிடித்தால் ஓடுகிறவர்கள், சந்தையில் பேரம் பேசுகிறவர்கள், நீதிமன்றத்தில் முணுமுணுக்கிறவர்கள் எல்லாருக்கும் அவள் குரல் கொடுத்தாள். தனி வசனம் கிடைத்தால் அது சூனியக்காரியாகவோ சாகப்போகும் தாயாகவோ இருக்கும். அவள் கணவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். ராத்திரி சாப்பாட்டுக்கு உட்கார்ந்து டிவியைப் போட்டால், "இன்னிக்கு உனக்கு என்ன வியாதி?" என்று கேட்பார்.

பயம் அவளுக்குக் கூடப்பிறந்தது. கேஸை மூடிவிட்டு வாசல்வரை வந்தவள் திரும்பிப் போய் ஒருமுறை பார்ப்பாள். கணவர் வேலைக்குப் போன கட்டிடத்தின் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்வாள். நல்லது எது நடந்தாலும், ஆள் மாறிப்போச்சு, மன்னிச்சுக்கோங்க என்று யாராவது வந்து திருப்பி வாங்கிப் போய்விடுவார்கள் என்ற நினைப்பு உள்ளுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும்.

அப்படிப்பட்டவளுக்குத்தான் ஓடக்காரி கிடைத்தாள்.

அது ஒரு பெரிய வெளிநாட்டு மாயக் கதைத் தொடர். தடிதடியாக ஐந்து புத்தகங்களில் வந்த கதையை சீசன் சீசனாக எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு நாட்டில் ஆறு பேசும். அது பேசுவது சில குழந்தைகளுக்கு மட்டும் கேட்கும். அந்தக் குழந்தைகளைப் பிடித்துக் கொல்லச் சொல்லி அரசன் ஆள் அனுப்புகிறான். அவர்களை இருட்டில் ஓடத்தில் ஏற்றி, யாருக்கும் தெரியாத ஒரு கரையில் இறக்கிவிடுகிறவள்தான் ஓடக்காரி. முதல் சீசனில் அவளுக்கு இரண்டே காட்சிகள். ஆனால், "ஏறுங்க, கேள்வியெல்லாம் அந்தக் கரையில" என்று அவள் சொன்ன ஒரு வரி ஊரெல்லாம் பரவிவிட்டது. இரண்டாம் சீசனில் பாதிக் கதை அவள் தலைமேல்.

வங்கியில் கவுண்டரில் இருந்த பெண் குரலைக் கேட்டு நிமிர்ந்து பார்த்து, அந்த வரியை ஒருமுறை சொல்லச் சொன்னாள். அடுக்குமாடியில் கீழ்வீட்டுப் பிள்ளைகள் லிஃப்டில் அவளோடு ஏறும்போது, கேள்வியெல்லாம் மேல் மாடியில் என்று சொல்லிச் சிரித்தார்கள். ஸ்டூடியோவிலேயே அவளுக்கு ஓடக்காரி என்று பெயர் நின்றுவிட்டது. திரையில் பெயர் போட மாட்டார்கள். அதனால் என்ன, முதன்முதலாக அவள் சாகாமல் பேசிக்கொண்டிருந்தாள்.

அவளுடைய மகள் கல்லூரியில் கணக்குப் படித்துக்கொண்டிருந்தாள். தொடர் வருவதற்கு முன்பே அந்தப் புத்தகங்களுக்கு அடிமை. மூன்றாம் சீசன் டப்பிங் தொடங்குவதற்குச் சில வாரம் இருக்கும்போது, மகள் மூன்றாம் புத்தகத்தை இரண்டாம் முறையாகப் படித்துக்கொண்டிருந்தாள். ஒரு சாயங்காலம் அம்மா வீட்டுக்குள் நுழைந்தபோது, மகள் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். என்ன ஆச்சு என்று கேட்டதற்கு ஒன்றுமில்லை என்றாள். இன்னும் இரண்டு முறை கேட்ட பிறகு, "இதை மட்டும் நீ படிக்காதேம்மா" என்றாள்.

இதைவிட வேறு என்ன வேண்டும்? மறுநாள் மகள் கல்லூரிக்குப் போனதும் அவள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு சமையலறை மேடைப் பக்கம் உட்கார்ந்தாள். முழுப் புத்தகம் என்று அவள் எதையும் படித்தவள் இல்லை. வசனத் தாளைத்தான் படித்துப் பழக்கம். அதில் எப்படித் தன் வரிகளை மட்டும் பென்சிலால் கோடு போட்டுக்கொள்வாளோ அப்படியே இதிலும் ஆரம்பித்தாள். ஓடக்காரி பேசுகிற இடம் எங்கே என்று பக்கங்களைப் புரட்டினாள், கோடு போட்டாள், அடுத்த இடத்துக்குத் தாவினாள்.

புத்தகத்தின் நடுவில் அரசனின் ஆட்கள் ஓடக்காரியைப் பிடித்துவிடுகிறார்கள். எந்தக் கரையில் குழந்தைகளை இறக்கினாய் என்று கேட்கிறார்கள். அவள் சொல்லவில்லை. மறுநாளும் கேட்கிறார்கள். பேசாத வாய்க்கு நாக்கு எதற்கு என்று சொல்லி அரசன் அவள் நாக்கை அறுக்கச் சொல்கிறான்.

அந்தப் பக்கத்தை அவள் இரண்டு முறை படித்தாள். பிறகு அதற்கு அடுத்த பக்கங்களை, அதன் பிறகு நான்காம் புத்தகத்தை, ஐந்தாம் புத்தகத்தைப் புரட்டினாள். ஓடக்காரி கடைசிவரை உயிரோடு இருந்தாள். தலையசைத்தாள், கையைக் காட்டினாள், துடுப்பை எடுத்தாள், பார்த்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. பென்சில் சும்மாவே கையில் இருந்தது. அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்த வாசனை வந்த பிறகுதான் எழுந்தாள்.

கணவரிடம் சொன்னபோது அவர் தன் தொழிலிலிருந்தே ஆறுதல் எடுத்துக் கொடுத்தார். லிஃப்டில் கயிறு அறுந்தால்கூட பெட்டி கீழே விழாது, பக்கத்துத் தண்டவாளத்தை ஒரு பிடி கவ்விக்கொள்ளும், அந்த மாதிரி ஏதாவது இருக்கும் என்றார். அப்படி எதையும் இந்தக் கதையில் வைக்கவில்லையே என்றாள் அவள். அவர் யோசித்துப் பார்த்துவிட்டு, சாப்பிட்டுவிட்டுப் படுக்கச் சொன்னார்.

டப்பிங் டைரக்டரிடம் கேட்க முடியாது. கேட்டால், அட, ஆமாம், உங்களுக்கு இனி வேலை இல்லையே என்று அவருக்கே ஞாபகம் வந்துவிடுமோ என்று பயம். ஒருநாள் டீ குடிக்கும்போது, இந்தப் புத்தகத்தில் இருப்பதை எல்லாம் அப்படியே எடுப்பார்களா என்று பொதுவாகக் கேட்பதுபோல் கேட்டுப் பார்த்தாள். டைரக்டர் அவளைவிட வயதில் இளையவர், எப்போதும் இரண்டு தொடர்களுக்கு நடுவில் ஓடிக்கொண்டிருப்பவர். தான் புத்தகமே படித்ததில்லை, கையில் எட்டுத் தொடர் இருக்கிறது, எந்தப் புத்தகத்தை என்று படிப்பது என்றார்.

மூன்றாம் சீசன் ஒவ்வொரு எபிசோடாக ஸ்டூடியோவுக்கு வர ஆரம்பித்தது. வசனத் தாளும் படமும் பதிவு நாளன்று காலையில்தான் கைக்கு வரும். அதுவரை அவளுக்குத் தெரிந்தது புத்தகம் மட்டும். அதனால் அவள் ஒரு புது வேலையில் இறங்கினாள். புத்தகத்தில் இருப்பது படத்தில் மாறியிருக்கிறதா என்று பார்ப்பது. புத்தகத்தில் படகு நிறுத்தும் துறை எரிந்துபோகும், படத்தில் எரியவில்லை. அன்றைக்கு வீட்டுக்கு நிம்மதியாகப் போனாள். அடுத்த எபிசோடில் அரசனின் தளபதி புத்தகத்தில் பேசிய அதே வார்த்தைகளைப் பேசினான். அன்றைக்கு பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டாள்.

பதிவானது சில வாரம் கழித்துத்தான் டிவியில் வரும். வந்ததும் மகள் சோபாவில் உட்கார்ந்து ஒவ்வொரு மாற்றத்துக்கும் கொதிப்பாள். அந்த மூக்கறுந்த வீரனை எங்கே காணோம், தங்கையை ஏன் அக்காவாக்கினார்கள், இவர்கள் கதையைக் கொத்துக்கறி போட்டுவிட்டார்கள் என்று புலம்புவாள். பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருக்கும் அம்மாவுக்கு ஒவ்வொரு புலம்பலும் காதில் தேன். இன்னும் கொஞ்சம் கொத்தட்டும் என்று மனதுக்குள் வேண்டிக்கொள்வாள்.

இது ரொம்ப நாள் ஓடவில்லை. மகள் ஏதோ ஒரு காட்சியைச் சரிபார்க்க மூன்றாம் புத்தகத்தைத் திறந்தவள், பக்கத்துக்குப் பக்கம் பென்சில் கோடு இருப்பதைப் பார்த்துவிட்டாள். கோடுகள் நடுவில் நின்றுபோன இடத்தையும் பார்த்தாள். அம்மாவிடம் வந்து புத்தகத்தை விரித்துக் காட்டினாள்.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். நாக்கைப் பற்றி, பேசாத இரண்டு புத்தகங்களைப் பற்றி, மாற்றம் வந்தால் தனக்கு உள்ளுக்குள் எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது என்பதைப் பற்றி.

மகள் கோடு நின்றுபோன பக்கத்தை மறுபடி பார்த்தாள். பிறகு, "அவ வாயத் திறக்காம இருந்ததாலதாம்மா அந்தக் குழந்தைங்க பொழைக்குது" என்றாள். "அதுதான் மொத்தக் கதையே. நீ அது வேற மாதிரி ஆகணும்னு வேண்டிக்கறியா?"

"நான் குழந்தைங்களுக்கு ஒண்ணும் ஆகணும்னு வேண்டலையே. இவ நாக்கு இருக்கணும்னு மட்டும்தான் வேண்டிக்கறேன்."

"ரெண்டும் ஒண்ணுதாம்மா" என்று சொல்லிவிட்டு மகள் புத்தகத்தை மூடி அலமாரியில் வைத்தாள்.

அதிலிருந்து தொண்டையில் கோளாறு ஆரம்பித்தது. மைக் முன்னால் நின்றால் குரல் அடியிலிருந்து வர மறுத்தது. மேலே, மெலிந்து, யாரோ போல வந்தது. வாழ்நாள் முழுக்க இந்தக் கட்டைக் குரல் கொஞ்சம் மெலிந்தால் தேவலை என்று நினைத்தவள், இப்போது அது மெலிந்ததும் பதறிப்போனாள். ஒலிப்பதிவு செய்கிறவர் அவள் வயதுக்காரர். எச்சில் விழுங்கினால்கூட அவருக்குக் கேட்கும் என்பதால் எல்லாரும் அவரைக் காது என்றே கூப்பிடுவார்கள். அவர் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "சளியா?" என்று கேட்டார். டைரக்டர் இரண்டு டேக் கேட்டுவிட்டு, தேவைப்பட்டால் ஒரு வாரம் ஓய்வு எடுத்துக்கொள்ளலாம், அதுவரை வேறு யாரையாவது வைத்துச் சமாளிக்கலாம் என்று அன்பாகத்தான் சொன்னார். ஓய்வெல்லாம் வேண்டாம் என்று அவள் அவசரமாகச் சொன்னாள்.

தொண்டை மருத்துவரிடம் போனாள். அவர் மெல்லிய குழாயை விட்டுப் பார்த்து, திரையில் அவளுடைய குரல் நாண்களையே அவளுக்குக் காட்டினார். சுத்தமாக இருக்கிறது, வீக்கமில்லை, கட்டியில்லை என்றார். பிறகு, ஏதாவது கவலையா என்று கேட்டார். நாக்கை அறுக்கப் போகிறார்கள் என்று வாய் வரை வந்ததை விழுங்கிவிட்டு, வேலை கொஞ்சம் அதிகம் என்றாள். வெந்நீர் குடிக்கச் சொல்லி அனுப்பிவிட்டார்.

அந்த எபிசோடு வந்தது ஒரு மழை நாளில். ஸ்டூடியோவின் நடையில் குடைகள் விரித்தபடி கிடந்தன. ஓடக்காரி பிடிபட்ட இடத்தோடு போன எபிசோடு முடிந்திருந்தது. இன்றைக்கு அவளுக்கு வசனம் இருக்கும், அல்லது ஒன்றும் இருக்காது. உதவியாளர் வசனத் தாளைக் கொண்டுவந்து நீட்டினார். கட்டு கனமாக இருந்தது. பிரிக்காமலே அவளுக்குப் புரிந்துவிட்டது. பக்கம் பக்கமாக வசனம். நாக்கு இருக்கிறது. சுவரோடு சாய்ந்து நின்று மூச்சு விட்டாள். கணவருக்குப் போன் போட்டு, "இருக்கு, இருக்கு" என்றாள். அவர் ஏதோ கட்டிடத்தின் மொட்டை மாடியில் இருந்தார். இரைச்சலில் எது இருக்கிறது என்று கேட்காமலே, நல்லது என்றார்.

பிறகுதான் உட்கார்ந்து படித்தாள்.

அரசன் கத்தியைக் காட்டுகிறான். எந்தக் கரை என்று கேட்கிறான். ஓடக்காரி அழுகிறாள், கெஞ்சுகிறாள், தன் ஆற்றைப் பற்றி ஏதேதோ பேசுகிறாள். கடைசியில் சொல்லிவிடுகிறாள். கிழக்குக் கரை, நாணல் காட்டுக்குப் பின்னால். குதிரைகள் கிளம்புகின்றன.

அவள் தாளை எடுத்துக்கொண்டு டைரக்டரிடம் போனாள். கதையில் இப்படி இல்லை, இவள் சொல்லவே மாட்டாள், எங்கேயோ தப்பு நடந்திருக்கிறது என்றாள். மொழிபெயர்த்தவர் தவறவிட்டிருப்பாரோ என்றுகூடக் கேட்டாள். டைரக்டர் படத்தைப் போட்டுக் காட்டினார். தப்பு ஒன்றும் இல்லை. அந்த வெளிநாட்டு நடிகையின் உதடுகள் கரையின் பெயரைத் தெளிவாகச் சொல்லின. நாம் எழுதவில்லை அக்கா, வாயசைவுக்குக் குரல் கொடுக்கிறோம், அவ்வளவுதானே என்றார் டைரக்டர். அவர் சொன்னதில் தப்பில்லை.

ஹெட்போனை மாட்டிக்கொண்டு அவள் மைக் முன்னால் நின்றாள். கெஞ்சுகிற இடங்கள் எப்படியோ நடந்துவிட்டன. கரையைச் சொல்லும் வரிதான் வரவில்லை. முதல் டேக்கில் குரல் உடைந்தது. அடுத்ததில் உதட்டுக்கும் வார்த்தைக்கும் பொருந்தவில்லை. அதன் பிறகு சரியாகத்தான் சொன்னாள், ஆனால் டைரக்டர் தலையை ஆட்டினார்.

"அக்கா, நீங்க சொல்ல மாட்டேங்கிற மாதிரியே சொல்றீங்க" என்றார். "இவ சொல்லிடறா. அவ்வளவு பயம். அது வேணும்."

அவள் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் காது குனிந்து எதையோ சரிசெய்துகொண்டிருந்தார். பயம் வேண்டுமாம். இத்தனை வாரமாக அவளிடம் இருந்தது வேறு என்ன? பஸ்ஸில், சமையலறையில், மருத்துவரின் நாற்காலியில் அவள் வேண்டிக்கொண்டதைத்தான் இந்தப் பெண் திரையில் வேண்டிக்கொண்டிருந்தாள். என் நாக்கை மட்டும் விட்டுவிடு. வேறு எது போனாலும் போகட்டும்.

படம் மறுபடி ஓடியது. அவள் சத்தம் போடவில்லை. பக்கத்தில் இருப்பவரிடம் கடையில் ஒரு பொருள் எங்கே இருக்கிறது என்று சொல்வதுபோல், தாழ்ந்த குரலில், கிழக்குக் கரை என்றாள். குரல் அடியிலிருந்து வந்தது, முழுசாக, பழைய கட்டைக் குரல். காது ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டார். டைரக்டர் ஓகே என்றார்.  வெளியே வந்தபோது அவள் குடையை யாரோ மாற்றி எடுத்துப் போயிருந்தார்கள்; நனைந்துகொண்டே பஸ் நிறுத்தத்துக்குப் போனாள்.

வெளியில் எதையும் சொல்லக்கூடாது என்று கையெழுத்து வாங்கியிருந்தார்கள். கணவருக்கு விஷயம் அவள் முகத்திலேயே தெரிந்தது. மகளுக்குச் சொல்லவில்லை. அந்த எபிசோடு டிவியில் வரும்வரை இருந்த வாரங்கள் முந்தையவற்றைவிட மோசமாக இருந்தன. முன்பு என்ன நடக்கும் என்று தெரியாமல் பயந்தாள். இப்போது தெரிந்து பயந்தாள். மகள் பாவம், ஓடக்காரி எப்படிச் சகித்துக்கொள்வாள், நாக்கை அறுக்கும் காட்சியில் நீ எப்படி மூச்சு மட்டும் விட்டிருப்பாய் என்றெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். பேசாமல் இருந்தாலும் அம்மாவுக்கு வேலை இருக்கும், வலி, முனகல், அழுகை எல்லாவற்றுக்கும் குரல் வேண்டுமே என்று அவளாகவே தேற்றவும் செய்தாள்.

எபிசோடு வந்த அன்று அவள் காய்ந்த துணியை எடுக்கிறேன் என்று பால்கனிக்குப் போனாள். துணி ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது. கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கதவு சாத்தியிருந்தும் உள்ளே அவள் குரல் கெஞ்சுவது கேட்டது. மேல்வீட்டிலும் அதே குரல், ஒரு நொடி தாமதித்து. கரையின் பெயரை இரண்டு முறை கேட்டாள், இங்கே ஒன்று, அங்கே ஒன்று.

மகள் கதவைத் திறந்துகொண்டு வர வெகுநேரம் ஆயிற்று. பக்கத்தில் வந்து கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"அன்னிக்குக் காலையிலதான் தெரியும்."

"நீ முடியாதுன்னு சொன்னியா?"

"தப்பா இருக்குன்னு சொன்னேன். அப்புறம் பேசிட்டேன்."

மகள் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "எனக்கு அவளைச் சுத்தமாப் பிடிக்கலம்மா" என்றாள். சற்றுப் பொறுத்து, "ஆனா எழுந்து டிவியை அணைக்கவும் முடியல" என்றாள்.

 சில நாள் வீட்டில் ஒரு மாதிரிதான் இருந்தது. தொடரைப் பற்றி மகள் பேசவில்லை. வெளியில் எல்லாரும் பேசினார்கள். கீழ்வீட்டுப் பிள்ளைகள் ஒளிந்து விளையாடும்போது அவள் படியேறி வந்தால், ஐயோ, காட்டிக் கொடுத்துடுவாங்க என்று கிசுகிசுத்து இடம் மாறினார்கள். வங்கிப் பெண் எப்போதும்போல வேலையைச் செய்து கொடுத்துவிட்டு, "இப்படிப் பண்ணிட்டீங்களே" என்றாள், பாதி விளையாட்டாக. மீதிப் பாதியை நினைத்து அவள் வழியெல்லாம் சங்கடப்பட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் அலமாரியிலிருந்து முதல் புத்தகத்தை எடுத்து முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கினாள். பென்சில் இல்லாமல். உதடு அசைய அசைய, மெதுவாக, சில மாதம் பிடித்தது. நான்காம் புத்தகத்தில், நாக்கில்லாத ஓடக்காரி குளிர்காலம் முழுக்க தனியாகப் பழைய ஓடத்துக்குத் தார் பூசுகிற ஒரு அத்தியாயம் இருந்தது. வசனமே இல்லாத அதை முன்பு ஒரே புரட்டில் தாண்டியிருந்தாள். இப்போது படித்து முடித்து மகளிடம் போய், இவளுக்கும் நான் குரல் கொடுத்திருப்பேன், தெரியுமா என்றாள். மூச்சு வாங்குவது, தார் சுட்டுக் கையை உதறுவது, இருமல். மகள் எங்கே, செய் பார்ப்போம் என்றாள். அவள் செய்தாள். இருமல் மட்டும் செயற்கையாக இருக்கிறது என்று மகள் சொன்னாள். அதிலிருந்து இருவரும் பழையபடி சண்டை போட ஆரம்பித்தார்கள்.

நான்காம் சீசன் டப்பிங்குக்குக் கூப்பிட்டபோது, ஓடக்காரிக்கு முன்னெப்போதையும்விட அதிக வேலை இருந்தது. ஆனால் கதை புத்தகத்தை விட்டு எங்கேயோ போய்விட்டது. குழந்தைகளைத் தேடி ஓடக்காரி ஆற்றோடு போகிறாள். அவர்கள் கிடைப்பார்களா, இவளை மன்னிப்பார்களா, யாராவது இவளைக் கொன்றுவிடுவார்களா, எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் பதில் கிடைக்காது. டைரக்டருக்கும் தெரியாது. ஒவ்வொரு பதிவு நாளும் காலையில் கேஸை மூடியாயிற்றா என்று மூன்று முறை திரும்பிப் போய்ப் பார்ப்பாள். ஆனால் மைக் முன்னால் போய் நின்றால் குரல் வந்துவிடுகிறது.

முதல் எபிசோடு பதிவு அன்று, மதியச் சாப்பாட்டு இடைவேளையில் மகள் போன் செய்தாள். அம்மா வாயைத் திறக்குமுன், எதுவும் சொல்லாதே, கையெழுத்துப் போட்டிருக்கிறாய், எனக்குத் தெரியும் என்றாள். பிறகு பொறுக்க முடியாமல், "ஒண்ணே ஒண்ணு மட்டும். உயிரோட இருக்காளா?" என்றாள்.

அவள் நடையின் கடைசிக்குப் போய், யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, கையால் வாயை மறைத்துக்கொண்டாள்.

"இன்னிக்கு வரைக்கும் இருக்கா" என்றாள்.